கீபோர்டு வாசித்துக்கொண்டே பாட ஒரு மைக்: தேர்ந்தெடுப்பது முதல் மேடையில் நிறுத்துவது வரை

கையில் மைக் பிடித்துப் பாடுகிறவருக்குச் சில சௌகரியங்கள் உண்டு. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மைக்கைச் சற்று விலக்கிக்கொள்வார். மெல்லிய இடம் வந்தால் உதட்டோடு ஒட்டிக்கொள்வார். ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்தால் கையைத் திருப்பி வேறு பக்கம் காட்டிவிடுவார். கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிற நமக்கு இதெல்லாம் கிடையாது. இரண்டு கையும் கட்டைகளில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மைக் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வாய் போக வேண்டும்.

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் எனக்கு இது நன்றாக உறைத்தது. வாடகை மைக், வாடகை ஸ்டாண்டு. பல்லவி பாடும்போது மைக் வாய்க்கு நேராக இருந்தது. முதல் சரணத்தில் மோவாய்க்கு இறங்கிவிட்டது. பூமின், அதாவது ஸ்டாண்டிலிருந்து குறுக்கே நீளும் கம்பியின், திருகு தேய்ந்துபோய், மைக்கின் பாரத்துக்கு மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு கையும் வாசிப்பில் இருப்பதால் தூக்கிவிட வழியில்லை. இரண்டாம் சரணத்துக்கு வரும்போது மீனைப் பார்த்த கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக் குனிந்து பாடிக்கொண்டிருந்தேன். வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சொந்த மைக், சொந்த ஸ்டாண்டு என்று முடிவு செய்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் கடைக்குப் போய் “நல்ல மைக் ஒண்ணு குடுங்க” என்று கேட்டதுதான் தப்பு. கீபோர்டுக்காரர் மைக் வாங்கும் வேலை வீட்டில், நாற்காலியில் தொடங்க வேண்டும்.

முதல் படி: உங்கள் தலை எங்கே போகிறது?

மேடையில் வாசிக்கிற அதே உயரத்தில் கீபோர்டை வையுங்கள். உட்கார்ந்து வாசிப்பவரானால் உட்கார்ந்து, நின்று வாசிப்பவரானால் நின்று. வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நிறுத்தி, நீங்கள் மூன்று பாட்டு பாடுவதை போனில் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு, வாய் எங்கெல்லாம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஸ்டைல் (கீபோர்டு தானே வாசிக்கும் தாளமும் பின்னணியும்) மாற்ற பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் என் தலை வலது பக்கம் ஒரு ஜாண் தள்ளிப் போகிறது. பாடல் வரிகளை டேப்லெட்டில் பார்க்கும்போது இடது பக்கம் திரும்புகிறது. கட்டையைப் பார்க்கும்போது மோவாய் நெஞ்சில் இடிக்கிறது. நான் தலையாட்டிப் பொம்மை ரகம். சிலர் கட்டையைப் பார்க்கவே மாட்டார்கள், சிலை மாதிரி உட்கார்ந்து பாடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மைக் சரிப்படாது.

கூடவே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக உங்கள் மானிட்டர் ஸ்பீக்கரை, அதாவது உங்கள் குரல் உங்களுக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கரை, எங்கே வைக்கிறார்கள்? உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? நீங்கள் வாசிக்கும் கீபோர்டுக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியைப் பலரும் யோசிப்பதே இல்லை. மைக் நம்மைத்தான் பார்க்கிறது என்று நினைக்கிறோம். அது நம் தோளுக்கு மேலாகப் பின்னால் இருப்பதையும் பார்க்கிறது. பின்னால் டிரம்ஸ் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்த மைக்காக இருந்தாலும் சிம்பலும் சேர்ந்துதான் வரும். கீபோர்டை மேடையின் ஓரத்துக்கு நகர்த்திச் சற்றுச் சாய்வாகப் போட்டால், காசில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். யமஹா பிஎஸ்ஆர் மாதிரி, ஸ்டைல் வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டுகளில் ஸ்பீக்கர்கள் கட்டைகளுக்கு மேல்புறம், உங்கள் முகத்தைப் பார்த்தபடியே இருக்கும். நடுவில் தொங்குகிற மைக்குக்குள் தாளமும் ஸ்டிரிங்ஸும் அப்படியே நுழைந்துவிடும். மிக்சரில் குரலைக் கூட்டினால் இசையும் சேர்ந்து ஏறும். மேடையில் அந்த ஸ்பீக்கர்களை அணைத்துவிடுங்கள். அணைக்கும் வசதி மெனுவில் இல்லாவிட்டால், ஹெட்போன் துளையில் வெறும் ஜாக் ஒன்றைச் செருகினால் பெரும்பாலான மாடல்களில் உள் ஸ்பீக்கர் நின்றுவிடும். வெளியே போகும் லைனுக்குத் தனித் துளை இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாம் படி: வாய்க்கும் மைக்குக்கும் தூரம்

இங்கே கொஞ்சம் கணக்கு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். 3 சென்டிமீட்டரில் பாடுகிறவர் தலையை 3 சென்டிமீட்டர் பின்னால் இழுத்தால் தூரம் இரட்டிப்பு, முழுசாக 6 டெசிபல் போச்சு. அதையே 12 சென்டிமீட்டரில் இருந்துகொண்டு 3 சென்டிமீட்டர் இழுத்தால் குறைவது 2 டெசிபல்தான். யாருக்கும் தெரியாது.

அப்படியென்றால் தலையாட்டிகள் தள்ளி நின்று பாடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 3 சென்டிமீட்டரில் இருந்ததை 12 ஆக்கினால், பழைய அளவு கேட்க மிக்சரில் 12 டெசிபல் கூட்ட வேண்டும். அத்தனை கூட்டினால் மைக் உங்கள் குரலோடு மானிட்டரையும், மண்டபத்து எதிரொலியையும், பந்தியில் இலை போடும் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும். ஊளை அதற்கு முன்பே வந்துவிடும்.

இன்னொன்று, முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு வகை மைக்குகளில் வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் பருத்துக் கேட்கும். மெல்லிய குரலுக்கு அது வரம். ஏற்கெனவே கனத்த குரலென்றால் சொற்கள் குழம்பும். நமக்கு இதில் ஒரு கஷ்டம் கூடுதலாக உண்டு: தலை நகரும்போது அளவு மட்டும் மாறாது, குரலின் நிறமும் மாறும். கேட்கிறவர்களுக்கு ஒரே பாட்டை இரண்டு பேர் பாடுவது போல இருக்கும்.

நான் கடைசியாக நின்ற இடம் 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம். அதற்காக என் வாசிப்புப் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஸ்டைல் மாற்றுவதைக் கால் பெடலுக்குக் கொண்டுபோனேன். டேப்லெட்டை மைக்குக்கு நேர் பின்னால், அதே பார்வைக் கோட்டில் வைத்தேன். தலை தானாக நேரானது. ஒரு சாதாரண பெடல் என் மைக் பிரச்சினையில் பாதியைத் தீர்த்துவிட்டது.

மூன்றாம் படி: மைக்குக்கு எந்தப் பக்கம் காது கேட்காது?

கடைக்காரர் மைக் எதைக் கேட்கும் என்று சொல்வார். எதைக் கேட்காது என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கார்டியாய்டு மைக் முன்னால் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் 90 டிகிரியில் 6 டெசிபல் குறைவாகக் கேட்கும், நேர் பின்னால், 180 டிகிரியில், ஏறக்குறையச் செவிடு. சூப்பர் கார்டியாய்டு முன்னால் இன்னும் குறுகலாகக் கேட்கும். அதன் செவிட்டுப் பகுதி நேர் பின்னால் இல்லை. சுமார் 126 டிகிரியில், இரண்டு பக்கமும், பின்னோக்கிச் சாய்ந்த கோணத்தில் இருக்கும். நேர் பின்னால் அதற்குக் கொஞ்சம் கேட்கும். ஹைப்பர் கார்டியாய்டில் அந்தச் செவிட்டுக் கோணம் 110 டிகிரிப் பக்கம் வந்துவிடும், நேர் பின்னால் இன்னும் அதிகமாகக் கேட்கும்.

இப்போது உங்கள் மேடையை நினைத்துப் பாருங்கள். நின்று பாடுகிறவருக்கு மானிட்டரை நேர் முன்னால் தரையில் வைக்கலாம், அது மைக்கின் முதுகுப் பக்கம் வரும், கார்டியாய்டு போதும். நமக்கோ நேர் முன்னால் கீபோர்டு ஸ்டாண்டின் கால்களும் அடாப்டரும் பெடலும் கிடக்கின்றன. ஒலிபெருக்கி போடும் ரேடியோ செட்டுக்காரர் மானிட்டரை இடது பக்கமோ வலது பக்கமோ சாய்வாக வைத்துவிட்டுப் போவார். அந்தச் சாய்வுக் கோணம் சூப்பர் கார்டியாய்டின் செவிட்டுப் பகுதியில் விழுகிறது. கீபோர்டுக்காரருக்குச் சூப்பர் கார்டியாய்டு பொருந்துவது இந்த ஒரு காரணத்தால்தான். “விலை அதிகம், அதனால் நல்லது” என்பதெல்லாம் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. சூப்பர் கார்டியாய்டின் முன்பகுதி குறுகல். தலையாட்டி அதில் பாடினால் பாதி வரி காணாமல் போகும். அதனால் முதல் படியில் எடுத்த வீடியோவைத் திரும்பப் பாருங்கள். தலை நிலையாக இருந்து மானிட்டர் பக்கவாட்டில் இருந்தால் சூப்பர் கார்டியாய்டு. தலை ஆடினால் கார்டியாய்டு வாங்கிவிட்டு, மானிட்டரை மைக்கின் நேர் பின்னால் எப்படியாவது கொண்டுவரப் பாருங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் சின்ன மானிட்டராக வைத்தால் முடியும். காதுக்குள் மாட்டும் இயர் மானிட்டர் பழகிவிட்டால் இந்தத் தலைவலியில் முக்கால்வாசி போய்விடும். அப்போது கார்டியாய்டே தாராளம்.

கோணத்தில் இன்னொரு சூட்சுமம். கோபிசெட்டிபாளையத்தில் வயதான ரேடியோ செட்டுக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. நான் மைக்கை மேலிருந்து கீழே பார்த்தபடி தொங்கவிட்டிருந்தேன், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று. அவர் வந்து பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, மைக்கு உங்க வாயப் பாக்குதுங்களா, கீபோர்டப் பாக்குதுங்களா?” என்றார். அப்புறம் அவரே மைக்கின் வாலைக் கீழே இறக்கி, தலை என் வாயைப் பார்த்து மேல்நோக்கும்படி வைத்தார். இப்போது மைக்கின் முதுகு முன்னால் தரையைப் பார்க்கிறது. கார்டியாய்டுக்கு மானிட்டரை வைக்கச் சொன்ன இடமும் அங்கேதான். கட்டை தட்டும் டக் டக் சத்தமும் குறைந்தது. அன்றிலிருந்து வால் கீழே, தலை மேலே.

நான்காம் படி: டைனமிக்கா, கன்டென்சரா?

மண்டபத்திலும் கோயில் திடலிலும் பாடுகிறவருக்கு டைனமிக் போதும். கீழே விழுந்தாலும் தாங்கும், வேர்வைக்கும் தூசிக்கும் அஞ்சாது, மின்சாரம் கேட்காது.

கன்டென்சருக்குப் பொதுவாக மிக்சரிலிருந்து 48 வோல்ட் பேன்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே வரும் மின்சாரம், வேண்டும். ஊர்ப்புறத்துப் பழைய ஆம்ப்ளிஃபயரில் அது இருக்காது. கீபோர்டின் மைக் துளையில் நேராகச் செருகிப் பாடலாம் என்று நினைத்தால், பல அரேஞ்சர் கீபோர்டுகளில் அங்கேயும் பேன்டம் கிடையாது. வாங்கும் முன் உங்கள் கீபோர்டின் கையேட்டைப் பாருங்கள். நான் பார்க்காமல் ஒன்று வாங்கி, முதல் நிகழ்ச்சியில் மைக் ஊமையாக நின்றது. கடைசியில் வரவேற்புரை சொன்னவரின் மைக்கைக் கடன் வாங்கிப் பாடினேன்.

சின்ன அரங்கம், கீபோர்டும் குரலும் மட்டும், காதில் இயர் மானிட்டர் என்று இருந்தால் கன்டென்சரின் தெளிவு அருமையாக இருக்கும். கோவையில் அப்படி நடக்கும் உள்ளரங்க நிகழ்ச்சிகளுக்கு நானும் ஆசைப்பட்டதுண்டு. மற்ற இடங்களில் அது துல்லியமாகப் பிடிக்கும் பல விஷயங்கள் நமக்கு வேண்டாதவை.

சரி, பெயர் சொல்லுங்கள் என்கிறீர்களா?

ஷூர் எஸ்எம்58 1966-இல் வந்தது. கார்டியாய்டு, டைனமிக், 298 கிராம். அதைவிட இனிமையான மைக்குகள் உண்டு. ஆனால் எந்த ஊர் ரேடியோ செட்டுக்காரருக்கும் அதை எப்படித் திருகுவது என்று கைக்குத் தெரியும். நீங்கள் ஊர் ஊராகப் போய், தெரியாத ஆளின் மிக்சரில் பாடுகிறவரானால் இது பெரிய விஷயம். சென்ஹைசர் இ835-உம் கார்டியாய்டுதான். சற்று விலகிப் பாடினாலும் குரலின் நிறம் அவ்வளவாக மாறவில்லை என்பது என் அனுபவம், அதனால் தலையாட்டிகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

சூப்பர் கார்டியாய்டு பக்கம் ஷூர் பீட்டா 58ஏ, சென்ஹைசர் இ845, இ945, ஏகேஜி டி5 ஆகியவை இருக்கின்றன. பீட்டா 58ஏ, எஸ்எம்58-ஐவிடச் சுமார் 3 டெசிபல் கூடுதலாகக் கொடுக்கும். மேல் பகுதி பளிச்சென்று இருக்கும். கீச்சுக் குரல் உள்ளவருக்கு அந்தப் பளிச்சு காதைக் குத்தலாம். இ945 மென்மை, விலையும் கூடுதல்.

ஆடிக்ஸ் ஓஎம்7 தனி ரகம். ஹைப்பர் கார்டியாய்டு, சத்தம் நிறைந்த மேடையில் ஊளையை நன்றாகத் தாங்கும். ஆனால் வெளியீடு மிகக் குறைவு, மிக்சரில் கெயினை (உள்ளே வரும் குரலைப் பெருக்கும் திருகை) நிறையத் திருக வேண்டும். மலிவான மிக்சரில் அப்படித் திருகினால் இரைச்சல் கேட்கும். உதட்டை ஒட்டியே பாட வேண்டும். பக்கத்தில் ஜமாப் மேளம் இறங்கும் கோயில் மேடைகளில் அடிக்கடி பாடுகிற, கழுத்து அசையாத ஆசாமிக்கு மட்டும்.

ஸ்விட்ச் உள்ளது வாங்கலாமா? வேண்டாம் என்பேன். வாசிப்பு நடுவே கை போகாது. நிகழ்ச்சி நடுவே யாராவது அணைத்துவிட்டுப் போனால் முதல் வரி முழுக்க ஊமைப்படம். பாட்டுக்கு நடுவே மைக்கை மூட வேண்டும் என்றால் காலால் மிதிக்கும் மியூட் பெடல் கிடைக்கிறது.

ஹெட்செட் மைக்கைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. தலையோடு கூடவே மைக்கும் வரும், நம் பிரச்சினைக்கே செய்தது போலத் தெரியும். டைனமிக் வகையில் ஷூர் டபிள்யூஎச்20 உண்டு. சத்தமான மேடைக்கென்றே கிரௌன் சிஎம்311 வந்தது. அது வாயோரத்தில் உரசாத குறையாக இருக்கும், தூரத்துச் சத்தத்தைத் தள்ளிவிடும். என் தயக்கம் வேறு. தூரம் மாறவே மாறாது என்பதால் குரலை ஏற்றி இறக்கும் வேலை முழுக்கத் தொண்டைக்கே விழும். மேல் ஸ்தாயியில் விலக முடியாது. மூச்சு, இருமல், பக்கத்தில் இருக்கும் தபலாக்காரரிடம் “ரெண்டாவது சரணம் வேண்டாம், முடிச்சுக்கலாம்” என்று சொல்வது எல்லாம் ஊருக்கே கேட்கும். எனக்குக் கேட்டிருக்கிறது. எடுத்தால் மியூட் பெடலோடு எடுங்கள்.

வயர்லெஸ்? உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத ஆளுக்கு எதற்கு? அந்தக் காசை ஸ்டாண்டில் போடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை மலிவு செட்டுகள் வைஃபையோடும் புளூடூத்தோடும் ஒரே பாதையில் ஓடுகின்றன. மண்டபத்தில் ஐந்நூறு போன்கள் இருக்கும்.

ஐந்தாம் படி: ஸ்டாண்டு

மைக்குக்கு ஒதுக்கிய காசில் கால்வாசியாவது இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நாம் கையால் பிடிக்காததால், நமக்கு மைக்கைப் பிடிக்கும் கை ஸ்டாண்டுதான். 300 கிராம் மைக்கைப் பூமின் நுனியில் மாட்டி, முழு நீளத்துக்கு நீட்டி, கடையிலேயே பத்து நிமிடம் விட்டுவையுங்கள். கடைக்காரரோடு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஒரு விரற்கடை இறங்கியிருந்தாலும் வேண்டாம்.

கீபோர்டு ஸ்டாண்டிலேயே திருகி மாட்டும் மைக் கம்பிகள் உண்டு, இடம் மிச்சமாகும். ஆனால் கட்டையை அழுத்தும் ஒவ்வொரு அடியும் இரும்பு வழியாக ஏறி மைக்குக்குள் தும் தும் என்று வரும். தனி ஸ்டாண்டுதான் நல்லது.

முக்காலி ஸ்டாண்டின் கால் நம் பெடலோடு சண்டைக்கு வரும். கீபோர்டின் இடது பின்புறம் ஸ்டாண்டை நிறுத்தி, பூமைக் கீபோர்டுக்கு மேலாக நீட்டிக் கொண்டுவாருங்கள். பூமுக்கு நேர் கீழே முக்காலியின் ஒரு கால் வரும்படி திருப்பினால் கவிழாது. வலது கைக்காரர்கள் பட்டன் அழுத்த வலது கையையே அதிகம் தூக்குவதால், கம்பி இடது பக்கமிருந்து வருவது தோதாக இருக்கும். பழக்கம் வேறானால் மாற்றிக்கொள்ளுங்கள். மைக் கிளிப்பின் மரை 5/8 அங்குலமும் 3/8 அங்குலமும் என இரண்டு அளவில் வரும், சின்ன அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

ஆறாம் படி: கேபிளும் பின்னும்

சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் ஓடும் திருவிழா மேடையில் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு முனையிலும் மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் பின், நம் ஆட்கள் கேனன் பின் என்பார்களே, அது உள்ள கேபிள் அந்த இரைச்சலைப் பெரும்பாலும் தள்ளிவிடும். மூன்று முள்ளில் ஒன்று தரை, மற்ற இரண்டும் ஒரே குரலை எதிரெதிராகச் சுமப்பவை. வழியில் சேர்ந்த இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் மிக்சரில் கழிந்துபோகும். ஒரு முனையில் மோனோ ஜாக் மாட்டிய கேபிளில் இந்த வித்தை நடக்காது. பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்காக அப்படி ஒன்றும் பையில் வைத்திருங்கள், ஆனால் ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டாம். பேன்டம் பவர் போட்டிருக்கும் மிக்சரில் அந்தக் கேபிளைச் செருகாதீர்கள். நல்ல கேனன் கேபிளில் டைனமிக் மைக்கைப் பேன்டம் ஒன்றும் செய்யாது.

மைக்கைக் கீபோர்டின் மைக் துளையில் செருகினால் எக்கோ, ஹார்மனி எல்லாம் உள்ளேயே கிடைக்கும். ஹெட்போனில் குரலும் இசையும் சேர்ந்து கேட்கும். தனியாகப் பாடும் ஆளுக்கு அது சுகம். ஆனால் வெளியே போவது கலந்த சத்தம். “குரல் கம்மியா இருக்குதுங்” என்று கூட்டத்திலிருந்து சைகை வந்தால், மிக்சரில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. வாசிப்பை விட்டுவிட்டு நீங்கள்தான் திருக வேண்டும். குழுவோடு பாடும்போது நேராக மிக்சருக்கே கொடுங்கள்.

ஏழாம் படி: கடையில் எப்படிப் பாடிப் பார்ப்பது?

“ஹலோ ஹலோ மைக் டெஸ்ட்” சொன்னால் ஒன்றும் தெரியாது. எல்லா மைக்கிலும் ஹலோ நன்றாகத்தான் இருக்கும்.

நான் பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப் பெயர் கூவுவேன். பல்லடம், பெருந்துறை, பொள்ளாச்சி: உதடு சேர்ந்து வெடிக்கும் எழுத்துகள், காற்று மைக்கில் மோதி ‘பொத்’ என்கிறதா என்று தெரியும். அடுத்து சத்தியமங்கலம், சிவன்மலை, சூலூர்: ‘ச’ ஊசி மாதிரி குத்துகிறதா என்று தெரியும். முருகன் பாட்டு பாடுகிறவர் ‘சரவணபவ’ சொல்லிப் பார்த்தால் போதும், இரண்டும் அதிலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் ‘ப’வில் மூச்சு அதிகம் சேர்வதில்லை, அதனால் நமக்கு வெடிப்பு குறைவுதான். இந்திப் பாட்டும் பாடுகிறவர் அந்த மூச்சு எழுத்துகளையும் சோதித்துக்கொள்ளட்டும்.

பிறகு வாயை 3 சென்டிமீட்டரில் வைத்து ஒரு வரி, 12-இல் வைத்து அதே வரி, முகத்தை 30 டிகிரி திருப்பி அதே வரி. மிக்சரில் எதையும் தொட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றிலும் குரல் எந்த மைக்கில் உங்கள் குரலாகவே கேட்கிறதோ அதுதான் உங்களுடையது. முடிந்தால் கடையில் இருக்கும் கீபோர்டையும் வாசித்தபடி பாடுங்கள். ஸ்டிரிங்ஸ் நிரம்பி ஓடும்போது சொல் தெளிவாக எழும்புகிறதா என்பதுதான் கேள்வி. தனியாகக் கேட்கும்போது தேனாக இருக்கும் மைக், இசையோடு சேரும்போது அடியில் போய்விடலாம்.

எஸ்எம்58-க்குப் போலிகள் ஏராளம். பாதி விலைக்குப் புது மைக் என்றால் நம்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். பழையது வாங்கினால் நகைக்கடைத் தராசிலோ மளிகைக் கடைத் தராசிலோ போட்டுப் பாருங்கள். 298 கிராமிலிருந்து நிறையத் தள்ளியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது.

எட்டாம் படி: நம்மூர்க் காற்று

எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் இது இருக்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் போடும் போடு நமக்குத் தெரியும். அங்கே காற்றாலை வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மைக் எம்மாத்திரம்! உடுமலைக்குத் தெற்கே ஒரு கிராமத் திடலில் வள்ளி கும்மிக்கு வாசித்துப் பாடினேன். கும்மிக்காரர்கள் பச்சைச் சேலையில் வட்டம் கட்டி நிற்கிறார்கள், என் மைக்கிலிருந்து லாரி ஓடுவது போல ‘கடகட’ சத்தம். பாட்டின் முதல் அடி யாருக்கும் புரியவில்லை, அடவு தப்பியது.

மைக்கின் வலைக்குள் சிறு ஸ்பாஞ்சு இருக்கும், திடல் காற்றுக்கு அது போதாது. மேலே மாட்டும் ஸ்பாஞ்சு உறை ஒன்று இருபது கிராம்கூட இராது, எப்போதும் பையில் இருக்கட்டும். மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் பட்டனை அழுத்துங்கள். குரலுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, காற்றின் உறுமலில் பெரும்பகுதி போய்விடும். கட்டை அதிர்வும் கூடவே போகும். ஸ்டாண்டின் அடியில் மணல் பை ஒன்று வையுங்கள்.

ஒன்பதாம் படி: மேடையில் முதல் பதினைந்து நிமிடம்

கூட்டம் வரும் முன் போய்விடுங்கள். எல்லா இக்யூ திருகுகளும் (அடிக்குரல், மேல்குரலைக் கூட்டிக் குறைப்பவை) நடுவில், லோ கட் போட்டு, பாட்டின் உச்ச வரியை முழுத் தொண்டையில் பாடி கெயினை நிறுத்துங்கள். மெல்லப் பேசி நிறுத்தினால் பாட்டு நடுவே உடையும். பிறகு மானிட்டரில் உங்கள் குரலை மட்டும் மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். ஊளை லேசாகத் தலைகாட்டும் இடம் வரும். அங்கே மைக்கை ஒரு கையால் சில டிகிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள், அல்லது மானிட்டரை ஓர் அடி நகர்த்துங்கள். ஊளை அடங்கும் கோணம் ஒன்று கிடைக்கும், அதுதான் மைக்கின் செவிட்டுக் காது. அங்கேயே நிறுத்தி, ஸ்டாண்டின் காலடியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இடைவேளையில் யாராவது நகர்த்தத்தான் செய்வார்கள். கடைசியாக மானிட்டரை அந்த அளவிலிருந்து கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

டைல்ஸும் கண்ணாடியும் நிறைந்த புது மண்டபங்களில் ஆள் இல்லாதபோது எதிரொலி கூடுதலாக இருக்கும். ஆட்கள் நிரம்பியதும் அடங்கும். அதனால் காலி மண்டபத்தில் கேட்டு மிரண்டு குரலைக் குறைக்க வேண்டாம். மேடையில் யாரும் பாடாத மைக்குகளை மூடச் சொல்லுங்கள். திறந்த மைக்குகள் இரட்டிப்பானால் ஊளைக்கு முன்பான இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும். இரண்டு கோரஸ் மைக்கும், அறிவிப்பாளர் மைக்கும் சும்மா திறந்து கிடப்பதை நான் பார்க்காத மேடை இல்லை.

வாழ்த்திப் பேச வருகிறவர் உங்கள் மைக்கை உருவ வந்தால் வேறொன்றைக் காட்டுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வீட்டுக்கு வந்ததும் வலையைத் திருகிக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, ஸ்பாஞ்சோடு சேர்த்து நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டாதீர்கள். மைக்கின் உடம்பில் தண்ணீர் படக் கூடாது. என் மைக்கின் வலை இப்போது ஜன்னல் திண்டில்தான் காய்ந்துகொண்டிருக்கிறது. நேற்று சென்னிமலைப் பக்கம் வரவேற்பு, மணமகனின் தாய்மாமா ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டே வாழ்த்தினார்.